ஜனவரி லீவு லிஸ்ட்

எனக்குப் பட்டாணிகளைக் கண்டாலே ஆகாது. எண்பதுகளின் நடுவில் துபாய்க்கு வெளியே ஒரு லேபர் கேம்ப்பில் டைம்கீப்பராக இருந்தேன். யார் எந்த ரூமில் படுப்பது, யார் எப்போது லீவில் போவது, எல்லாம் என் கையில். டிரைவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டாணிகள், பாகிஸ்தான் மலைக்காரர்கள். கதவைத் தட்டாமல் ஆபீஸுக்குள் நுழைவார்கள். என்னை "மதராசி" என்பார்கள். திருநெல்வேலி, திருநெல்வேலி என்று சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவர்களில் ஒரு டிப்பர் லாரி டிரைவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நாற்பது வயது, மருதாணி போட்ட தாடி, பதில் சலாம் சொல்லாத வாய். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன், அப்போது வேறு மாதிரி சொல்வேன். அவர் பாஸ்போர்ட்டில் பெயரோடு அஃப்ரிதி என்று இருந்தது. மே மாதம் வேறு கேம்ப்பிலிருந்து மாறி வந்த கிரேன் ஆபரேட்டர் ஒருவனும் அஃப்ரிதிதான். ஒரே சாதிக்காரர்கள், சேர்ந்து கிடக்கட்டும் என்று இருவரையும் ஒரே ரூமில் போட்டேன். எனக்குத் தெரிந்தது நம்மூர்க் கணக்கு.

டிரைவர் அந்த ரூமில் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. ரூம் மாற்றித் தரச் சொல்லி வந்தார். "கம்பெனி கொடுத்த ரூம், கலாஸ், அவ்வளவுதான்" என்றேன். அந்தக் கோடை முழுக்க லாரி கேபினிலேயே வெந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்டோபரில் லீவு லிஸ்ட் ஒட்டினேன். ஏர்போர்ட்டுக்கு ஒரே வண்டியில் அனுப்பிவிடலாம் என்று இருவரையும் ஜனவரியில் போட்டிருந்தேன். அன்றுதான் அவர் முதல்முறையாகக் கதவைத் தட்டினார்.

"பாபுஜி, எனக்கு ஜூன் மாசம் லீவு கொடுங்க" என்றார்.

"ஏன்?"

விரல் மடக்கி எண்ணினார். குக்கி கேல், ஆதம் கேல் என்று எட்டு. "அஃப்ரிதிகள்ல எட்டுக் கிளை. நான் ஒண்ணு, அவன் வேற ஒண்ணு. அவன் சித்தப்பா என் அண்ணனைச் சுட்டான். இங்கே நாங்க பிழைக்க வந்தவங்க, அவனைத் தொட மாட்டேன். அங்கே அப்படி இல்லை. கோடையில எல்லாரும் மேலே திரா மலையில இருப்போம். என் ஊர் ஒரு பக்கம், அவன் ஊர் ஒரு பக்கம், பார்க்கவே மாட்டோம். பனி விழுந்தா ஆடு மாட்டோட எல்லாரும் கீழே பாரா சமவெளிக்கு இறங்கிடுவோம். அங்கே ஒரே பஜார், ஒரே ரோடு. அவனைப் பார்த்தும் சும்மா வந்தேன்னா, என் அம்மா எனக்கு ரொட்டி போட மாட்டா. என்னை அவன் முன்னால நிறுத்தாதீங்க."

அந்த மனுஷன் என்னிடம் கெஞ்சுவது எனக்கு இனித்தது.

"உங்க ஊர்ச் சண்டையை என் மேஜைக்குக் கொண்டு வராதே. லிஸ்ட் டைப் அடிச்சாச்சு."

"அப்ப லீவே வேண்டாம்."

"விசா முடியுது. போயே ஆகணும்."

அது பொய். இரண்டு வரி மெமோ எழுதினால் ஜூனுக்குத் தள்ளியிருக்கலாம். அவர் கதவு வரை போய்த் திரும்பினார்.

"அவனுக்கு இருபத்திரண்டு வயசுதான், பாபுஜி" என்றார்.

மிரட்டுகிறார் என்று நினைத்தேன். "யல்லா, கிளம்பு" என்றேன்.

ஜனவரியில் இருவரையும் ஒரே பிக்கப்பில் ஏற்றிவிட்டேன். அந்தப் பையன் முன் சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினான். இவர் பின்னால் பெட்டிகளோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ச்சில் ஒருவர்தான் திரும்பி வந்தார். தட்டாமல் உள்ளே வந்து பாஸ்போர்ட்டை என் மேஜையில் வைத்தார். தாடியில் மருதாணி இல்லை, பாதி நரைத்திருந்தது.

"அந்தப் பையன் எங்கே?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் சாவிகள் தொங்கிய பலகையைப் பார்த்தார்.

"நீங்க முதல்ல கொடுத்த ரூமையே கொடுங்க, பாபுஜி. இனிமே நான் அங்கே படுக்கலாம்."