நேர்ந்துவிட்ட கிடா

போர்வெல் போடும் ரிக் வண்டி சாலையில் கடந்தால், அதன் மேல் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களை இன்றும் பார்க்கிறேன். பார்த்து என்ன செய்யப்போகிறேன்? நான் தேடும் ஆளின் முகம் எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில் நான் வருவாய் ஆய்வாளர். முதியோர் பென்சன் கேட்டு வரும் மனுக்களை வீடு வீடாகப் போய் விசாரிக்க வேண்டும். வயதாகியிருக்க வேண்டும், சொத்து இருக்கக் கூடாது, சம்பாதிக்கிற வயதில் மகன் இருக்கக் கூடாது. அதற்கும் மேலே ஒதுக்கீடு. தாலுக்காவுக்கு இத்தனை பேர்தான். வாங்குகிற ஒருவர் கண்ணை மூடினால்தான் அடுத்தவருக்கு. மனுக்கட்டை வைத்துக்கொண்டு யார் சாவார் என்று காத்திருக்கும் வேலை அது. அந்த விதிகளை எழுதிய மகராசனை ஒருநாள் என் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து ஊர் ஊராகக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆத்திரமாக வரும்.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு அம்மா மனுப் போட்டிருந்தார். புருசன் இல்லை. களை வெட்டிய கை நடுங்க ஆரம்பித்திருந்தது. ஒரே மகன் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போய் ஐந்து வருசம், கடிதாசி கிடையாது. அவன் எந்நேரம் வந்தாலும் வரட்டும் என்று கதவைத் தாழ்போடுவதே இல்லையாம். வாசலில் ஒரு கிடா கொழுகொழுவென்று நின்றது. அந்த அம்மா எலும்பாக இருந்தார்.

“இதை வித்தாலே ஆறு மாசம் சாப்பிடலாமேம்மா” என்றேன்.

“முனியப்பனுக்கு நேந்து உட்டதுங்க சாமி. பையன் ஊடு வந்து சேந்தா வெட்டறதா வேண்டுதல். அதப்போயி விப்பாங்களா?”

“பையன் இருக்கறான்னு எழுதினா பணம் வராதும்மா.”

“இருக்கறவன இல்லீன்னு நா எப்படிங்க சொல்லுவேன்? நீங்களே ஏதோ பாத்துச் செய்யுங்க.”

பார்த்துச் செய்தேன். காணவில்லை என்று எழுதினால் போலீஸ் சான்று கேட்டு மனு திரும்பி வரும்; இறந்துவிட்டார் என்றால் என் அறிக்கையே போதும். அதனால் அறிக்கையில் ‘ஒரே மகன் இறந்துவிட்டார்’ என்று எழுதினேன். நல்ல காரியத்துக்குச் சொன்ன பொய்தானே என்று அன்று பெருமையாகவே சைக்கிள் மிதித்தேன். ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் அறிக்கை வாசகத்தை அப்படியே உத்தரவில் டைப் அடித்து மனுதாரருக்கு அனுப்புவார்கள். நூற்றுக்கணக்கில் உத்தரவு பார்த்த எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த வருடம், பென்சன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று சரிபார்க்கப் போனேன். வாசலில் முளைக்குச்சி மட்டும் இருந்தது.

“கிடா எங்கேம்மா?”

“வித்துப்போட்டனுங்க. தபால்காரரு காயிதத்தப் படிச்சுச் சொன்னாருங்க. சர்க்காருக்குத் தெரியாம இருக்குமுங்களா? கிடாய வித்த காசுல, பையன் சட்டைய ஆத்தங்கரையில வெச்சுக் கருமாதி பண்ணிப்போட்டனுங்க.”

உண்மையைச் சொன்னால் அவருடைய பென்சன் போகும், என் வேலையும் போகும். அவருக்காகத்தான் வாயை மூடினேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்காகத்தான் மூடினேன்.

சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். “நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி. நீங்க எழுதலீன்னா எனக்கு ஆரு சொல்லியிருப்பா? எம்பையன் பசியோட அலைஞ்சுக்கிட்டே இருந்திருப்பான். இப்பத்தானுங்க நா கண்ண மூடித் தூங்கறேன்.”

மோரைக் குடித்தேன். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘உயிருடன் உள்ளார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று சொல்லி உள்ளே போனார். நான் சைக்கிளை எடுக்கும்போது, உள்ளேயிருந்து கதவைத் தாழ்போடும் சத்தம் கேட்டது.