ஜோலினின் அறையில் குளிர்

வெர்னா தெரியோ அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எந்தப் பனியிலும் வண்டியைப் பள்ளத்தில் இறக்கியதில்லை. அதைவிடப் பெரிய பெருமை அவளுடைய சமையலறை. வெளியே என்ன குளிர் அடித்தாலும் அங்கே விறகடுப்பு கணகணவென்று எரியும். வீடு முழுக்கச் சூடேற்ற நிலவறையில் எண்ணெய் பாய்லர் உண்டு. போதாதென்று மகள் ஜோலின் மின்சார ஹீட் பம்ப் ஒன்றையும் மாட்டிவிட்டாள். விறகு இருக்க அதெல்லாம் வெட்டி வேலை என்பாள் வெர்னா.

போன குளிர்காலத்தில் பின்பக்கக் குளியலறைக் குழாய் உறைந்து வெடித்தது. இன்னொரு தடவை வெடித்தால் வீட்டை விற்றுவிட்டு, தன்னோடு போர்ட்லாந்து நகரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஜோலின் கறாராகச் சொல்லிவிட்டாள். வெர்னாவும் ஒப்புக்கொண்டாள். அதனால் இந்த ஜனவரியில் குளிர் முற்றியபோது, வீட்டைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இரண்டு மடங்கு விறகைத் திணித்தாள். காலையில் பார்த்தால் குழாய் மறுபடி வெடித்துக் கிடந்தது.

பழுதுபார்க்க வந்த ரோலன் அவள் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவன்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. குழாயை மாற்றிவிட்டு சமையலறைச் சுவரில் இருந்த சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பாய்லருக்கும் ஹீட் பம்புக்கும் உத்தரவு போடறது இந்த தெர்மோஸ்டாட்தான். அடுப்புக்குப் பக்கத்துல இருக்கறதால, வீடு முழுக்கச் சூடாயிடுச்சுன்னு நினைச்சு ரெண்டையும் நிறுத்திடுது. நீங்க விறகு போடப் போட பின்பக்கம் விறைச்சுப் போகுது.”

“எத்தனை வருஷமாடா இப்படி?”

“பழைய தெர்மோஸ்டாட்டும் இதே இடத்துலதானே இருந்துச்சு? அப்ப எல்லா வருஷமும்தான்.”

வெர்னா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குளியலறைக்கு அடுத்தது ஜோலினின் அறை. சின்ன வயதில் ஒவ்வொரு குளிர்காலமும் அந்தப் பெண் வந்து, ரூம் குளிருதும்மா என்று நிற்கும். அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருக்கும் இவள், சும்மா நடிக்காதே, ஸ்வெட்டரைப் போடு என்று விரட்டுவாள். பெற்றவள் செய்கிற காரியமா அது?

தெர்மோஸ்டாட்டை எங்கே மாற்றட்டும் என்று ரோலன் கேட்டான். அவள் மகளின் அறையைக் காட்டினாள். பிறகு போனை எடுத்தாள். குழாய் வெடித்ததை ஒளிக்கவில்லை. பேச்சுப்படி வந்து அழைத்துப் போகலாம் என்றாள்.

“இன்னொண்ணு ஜோலின். உன் ரூம் நெசமாவே குளிர்ந்திருக்கு. நான்தான் நம்பல.”



“சனிக்கிழமை வர்றேன்,” என்றாள் மகள். “என் ரூம்லயே படுக்கறேன். குளிருதா இல்லையான்னு பாத்துட்டு, வீட்டைப் பத்திப் பேசலாம்.”

“வா. இந்தத் தடவை நீ சொல்றதுதான்.”