புகை போட்ட பட்டு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். மலாயாவில், சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் என்ன கற்றாலும், அன்று மாலையே அதை அம்மாவுக்குக் கற்பித்துவிடுவேன். பட்டை வெயிலில் போடக் கூடாது, நிழலில் காற்றாட விட வேண்டும், ஒவ்வொரு முறையும் மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதும் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தது. அம்மாவும் மறுபேச்சில்லாமல் அப்படியே செய்வாள்.

அவளிடம் இருந்தது ஒரே பட்டு. முந்தானை முழுக்கச் சரிகை நூலால் பூவேலை செய்த அரக்கு நிறச் சேலை. ஊரிலிருந்து கப்பலேறியபோது கொண்டுவந்தது. தீபாவளிக்கு மட்டும் கட்டுவாள்.

ஒரு வருடம் தீபாவளி நெருங்கும்போது அடைமழை. கூரை ஒழுகித் தகரப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. நனைந்த சேலையை வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டோம். காயவில்லை. அம்மாவின் முகமும் தெளியவில்லை.

அப்பாவுக்கு, ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகையில் வேலை. அவர் வாசலுக்கு வருமுன் அவர் மேலிருக்கும் புகை வாசனை வந்துவிடும். யாரிடமும் சொல்லாமல் சேலையை எடுத்துக்கொண்டு போனவர், மாலையில் மொரமொரவென்று காய்ந்ததைக் கொண்டுவந்து நீட்டினார். சரிகைப் பூக்களெல்லாம் கறுத்திருந்தன.

"ஷீட்டே நல்லா காயுது, சேலை காயாதான்னு..." என்று இழுத்தார்.

"அதுக்கு ஷீட்டையே கட்டிக்கிறேன், கொண்டாங்க!" என்றாள் அம்மா. அப்புறம் அவரோடு பேசவில்லை.

ஆனாலும் தீபாவளியன்று கோயிலுக்கு அதையே கட்டினாள். பூவேலை வெளியே தெரியாதபடி முந்தானையை உட்புறமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பா பத்தடி பின்னால் குனிந்த தலையோடு வந்தார். வாசனையை எப்படி மடித்துச் செருகுவது? பக்கத்து வீட்டு அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன அண்ணி, ஷீட்டோட சேத்து உங்களையும் கப்பல்ல ஏத்தப் போறாங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிறகு செருகியிருந்த முந்தானையை உருவி, கறுத்த பூக்கள் எல்லாருக்கும் தெரியத் தோளில் விரித்துவிட்டாள்.

"உங்க அண்ணன் கைப்பட புகை போட்டது. எத்தன மழ பேஞ்சாலும் பூசணம் புடிக்காது, பாத்துக்க."

அப்பா அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

அடுத்த தீபாவளிக்கு அப்பா இல்லை. காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பண்டிகை கிடையாது என்றாலும் சேலையைப் பராமரிக்க வேண்டுமே என்று நான் நிழலில் கொடி கட்டி வைத்தேன். அம்மா சேலையை வெளியே எடுக்கவில்லை. பெட்டியை லேசாகத் திறந்து, முகத்தை உள்ளே வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு மூடி, மூடியின் இடுக்கில் பழந்துணியைத் திணித்தாள்.

"காத்தாட விடணும்மா. இல்லன்னா அந்த வாசன போகவே போகாது" என்றேன்.

"சரிம்மா, நீ படிச்ச புள்ள" என்றாள். துணியை இன்னும் இறுக்கித் திணித்தாள்.

இத்தனை சொல்லிக்கொடுத்தும் அம்மாவுக்குப் பட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று, அன்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.