சீனாக்களிமண் தேய்த்த சக்கரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் சைக்கிள் பந்தயக் குழுவாக இருந்தோம். ஐப்பசியில் ஒரு ஞாயிறன்று பயிற்சிக்காகக் கல்வராயன் மலைக்குப் போனோம். முந்தின நாள் ஐந்து வண்டிகளையும் துடைத்தவன் நான். எதையும் பீங்கான் செய்யும் சீனாக்களிமண்ணின் பொடியால் தேய்த்துப் பளபளக்க வைப்பது எங்கள் ஆலைக்காரர்களின் வழக்கம். சக்கர விளிம்புகளோடு பிரேக் கட்டைகளையும் விடாமல் தேய்த்திருந்தேன்.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. குளிரில் விரல்கள் மரத்துப்போயின. கட்டைகளில் ஒட்டியிருந்த பொடி ஈரத்தில் குழம்பாகி வழுக்கியது. எனக்கு முன்னால் எங்கள் ஐவரில் ஒருவரான சூளை வேலைக்கார அண்ணன் போய்க்கொண்டிருந்தார்.

"டேய், பிரேக்கு புடிக்க மாட்டேங்குதுடா!"

"கால ஊணுங்கண்ணே! பாறப் பக்கம் சாயுங்க!"

வளைவுக்கு அப்பால் பள்ளம். அவர் பாறையில் மோதி விழுந்தார். நான் இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துத்தான் நின்றேன். அவருடைய வலது தோள் இறங்கிப்போயிருந்தது.

"இந்தக் கையி போச்சுன்னா சூளையில எவன்டா என்னை வெச்சிக்குவான்?" என்று அழுதார்.

பின்னால் மெதுவாக வந்து கால் ஊன்றி நின்ற மூவரும் வண்டிகளைத் தள்ள, நான் அவரைத் தாங்கி நடந்தேன். மழை விடவில்லை.

"மழைன்னா பிரேக்கு அப்படித்தான்" என்றார் மூவரில் ஒருவர்.

"மழையில்லண்ணே. களிமண்ணு. கட்டையிலயும் நான்தான் தேச்சேன்" என்றேன்.

என்மேல் சாய்ந்து நடந்த சூளை அண்ணன் நின்று என்னைப் பார்த்தார்.

"அப்ப என் வூட்டுக்காரிகிட்ட நீயே வந்து சொல்லு."

அவருடைய இடது கையை என் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தேன். பஸ் வரும் சாலைக்கு இன்னும் மூன்று மைல் இருந்தது.