அத்தையின் விரலும் நெளிமோதிரமும்

நாமக்கல் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணை இருந்தது. அதைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. தீவன மூட்டையைத் தூக்கிவிட அவள் யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்கு நிச்சயம் நடந்தபோது நான் நான்காம் வகுப்பு. புதுப் பாவாடையோடு அவள் பக்கத்திலேயே, நானும் ஒரு கல்யாணப் பெண்ணைப்போல, உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் தங்கள் குடும்பத்துப் பழைய நெளிமோதிரத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா அதைத் தூக்கிக் காட்டி விளக்கமும் சொன்னார்.

"மூணு தலைமுறையா எங்கூட்டு மருமகளுங்க போட்டதுங்க. வந்த எடத்துல வளைஞ்சு குடுத்துப் போவோணும். அதுக்குத்தான் இந்த நெளி."

மோதிரம் அத்தையின் விரல் மூட்டில் நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் கேட்டார்கள். ஓடிப்போய் எடுத்துவந்து நானே தடவினேன். பெரியம்மா திருகித் திருகி அழுத்தினார். மூட்டு சிவந்தது. அத்தை மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டாள்.

"வெரலைச் செதுக்க முடியாதுங்க. கொஞ்சம் வெட்டிப் பெருசு பண்ணிக்கலாம்."

"நிச்சய மோதிரத்தை வெட்டறதா? ஆவாதுங்க."

"வளைஞ்சு குடுக்கறதுக்குத்தான் நெளின்னா, மோதிரமே மொதல்ல வளைஞ்சு குடுக்கட்டுமுங்க."

அப்பா கண்ணால் அத்தையை அதட்டினார். அத்தை குனியவில்லை. சம்பந்தம் முறிந்துவிடுமோ என்ற பயம் எனக்குத் துளியும் இல்லை. என் அத்தை பேசிவிட்டாள் என்ற பெருமையில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து மோதிரத்தை வாங்கினார். அதைத் தன் மகன் கையில் கொடுத்தார்.

"சாமி, நீயே கடைவீதிக்குப் போயி, புள்ள வெரலுக்குத் தக்கனப் பெருசு பண்ணிக் கொண்டா. நாங்க இருக்கறோம்."

பெரியம்மா ஏதோ சொல்ல வந்தார். "இருக்கட்டுங்க அக்கா" என்று மட்டும் சொன்னார் அந்த அம்மா. மாப்பிள்ளை அத்தையின் விரலளவை ஒரு நூலில் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். விருந்து ஆறியது, யாரும் இலைக்குப் போகவில்லை. உச்சிவேளைக்குள் மோதிரம் வந்துவிட்டது. ஒட்டுப்போட்ட இடம் மட்டும் புதுப்பொன்னாக மின்னியது. இம்முறை தடையில்லாமல் ஏறியது. பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் நான் வேறு கதையே சொல்லவில்லை.

அன்று மாப்பிள்ளையின் அம்மா என் எண்ணெய்க் கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அவருடைய மோதிர விரலின் அடியில் சுற்றிலும் சதை உள்வாங்கி, நெளிநெளியாகத் தழும்பு ஓடியிருந்தது.

"கயிறு கட்டியிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா சாமி, முப்பது வருசமா. காத்தாலதான் அவுத்தேன்" என்று சிரித்தார்.

ஒருவர் எதற்காக முப்பது வருடம் விரலில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் ஏதேதோ செய்வார்கள் என்று நினைத்து லட்டு எடுக்க ஓடிவிட்டேன்.