இன்னும் வராத தேதி

தேவசகாயம் அண்ணன் போய்விட்டார் என்று அவர் மனைவி போன் செய்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாலாஜாபாத்தில் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. எத்தனை மணிக்கு என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் கேள்வி எனக்கே கூச்சமாக இருந்தது. அவரோடு வேலை செய்தால் முதலில் நேரத்தைக் கேட்கும் பழக்கம் வந்துவிடும்.

மாகறலில் அவரை அடக்கம் செய்த அன்று வந்திருந்த உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, உரக்கடை மாடியில், நாங்கள் இருவரும் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு தொழில் நடத்தினோம். அவர் புரோகிராம் எழுதுவார். நான் விவரங்களை ஏற்றுவேன், எழுதியது சரியாக ஓடுகிறதா என்று சோதிப்பேன். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு செய்தி பொய். இந்த நினைவு மலரில் நல்லவர், பொறுமைசாலி என்று மற்றவர்கள் எழுதட்டும். நான் அந்தப் பொய்யைத் திருத்தவே உட்கார்ந்திருக்கிறேன்.

வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிப் பழகியதால், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று எல்லாரும் பயந்துகிடந்த வருஷம் அது. அதைச் சோதிக்க வருஷம் பிறக்கும்வரை காத்திருக்க முடியுமா? மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்போம். புரோகிராம் அதை அப்படியே நம்பி, வராத மாதத்தின் வேலையை இன்றைக்கே செய்துகாட்டும். "இதுக்கு ஜன்னல் கெடையாது சாந்தி. வெயிலா மழையான்னு எட்டிப் பாக்காது. நாம சொல்றதுதான் இதுக்கு இன்னிக்கு" என்பார் அண்ணன். எனக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது.

பக்கத்தில் ஒரு தரும ஆஸ்பத்திரிக்குத் தடுப்பூசிப் பட்டியல் போடும் வேலை எங்களிடம் இருந்தது. மாதம் பிறந்ததும் எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி என்று அச்சடித்துக் கொடுப்போம். நர்சம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அதில் ஒரு விதி வைத்திருந்தோம். ஊசிக்கு உரிய தேதி தாண்டி மூன்று மாதமாகியும் போட்டுக்கொள்ளாத குழந்தையை 'ஊர் மாறியவர்கள்' பக்கத்துக்கு புரோகிராமே தள்ளிவிடும். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு போய்விடுகிறவர்களைத் தேடி நர்சம்மா வீணாக அலையக்கூடாது என்று அண்ணன் யோசித்து வைத்தது.

நவம்பர் கடைசி நாளில், கடிகாரத்தை அடுத்த மார்ச் பதினாலுக்குத் தள்ளி வைத்து நகல் கோப்பில் சோதித்தேன். நன்றாக ஓடியது. சோதனை முடிந்தால் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுவது. எங்கள் கடையில் இருந்த ஒரே சட்டம் அதுதான். அன்று கீழே என் பஸ் ஹார்ன் அடித்தது. எழுந்து ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை அசல் கோப்பைத் திறந்து டிசம்பர் பட்டியலை அச்சடித்தேன். கடிகாரமும் ராத்திரியில் ஒரு நாள் ஓடியிருந்தது; தலைப்பில் மார்ச் பதினைந்து என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கடிகாரத்தைச் சரிசெய்து மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். பழைய தாளை வீணாக்காமல் பின்பக்கம் எதையோ எழுதிக்கொண்டேன். அண்ணனிடம் சொல்லத் தோன்றவில்லை. அந்த முதல் அச்சிலேயே புரோகிராம் பதினோரு குழந்தைகளை ஊர் மாற்றிவிட்டது எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் திருப்புலிவனத்துக்கு அந்தப் பக்கம் இருளர் குடியிருப்பில் தட்டம்மை வந்தது. பதினோரு மாதக் குழந்தை ஒன்று இறந்தது. பெயர் மல்லிகா. டிசம்பர் முதல் வாரத்தில் ஊசி போட வேண்டிய குழந்தை ஏன் பட்டியலில் இல்லை என்று நர்சம்மா வந்து கேட்டார். அண்ணன் தேடி எடுத்தார். மல்லிகா ஊர் மாறிய தேதி என்று திரையில் மார்ச் பதினைந்து இருந்தது. அந்த மார்ச் இன்னும் வரவே இல்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நர்சம்மாவிடம், கடிகாரத்தை மாற்றி வைத்துவிட்டு மறந்தது தான்தான் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று மாமியார் வீட்டில் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியும். நர்சம்மா போன பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு பேரு மாட்டி இன்னா ஆவப்போவுது? வுடு."

மற்ற பத்துப் பேரையும் அன்றே பட்டியலில் சேர்த்துவிட்டு, மறுநாள் குடியிருப்புக்குப் போனோம். குழந்தையின் அப்பா விறகு வெட்டப் போகாமல் வாசலில் இருந்தார். நடந்ததை அண்ணன் மறைக்காமல் சொன்னார், என் பெயரைத் தவிர. அந்த அப்பா கோபப்படவில்லை. கம்ப்யூட்டரில் என்ன இருந்தது என்று மட்டும் திருப்பிக் கேட்டார். நீங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதாக இருந்தது என்றார் அண்ணன்.

"நாங்க எங்கியும் போவலியே சார்," என்றார் அவர். "இங்கதான இருந்தோம்."

அந்தக் குரல் இத்தனை வருஷமாக என்னை விடவில்லை.

ஆஸ்பத்திரி வேலை போனது. புள்ளையைச் சாகடித்த கம்ப்யூட்டர்காரன் என்று கடைத்தெருவில் பேசினார்கள். உங்களில் சிலரும் பேசினீர்கள். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. அது எங்கள் இருவருக்குமே ஆறுதலாக இல்லை. மார்ச் பதினைந்து நிஜமாகவே வந்தபோது அண்ணன் கடையைத் திறந்தார், மெஷினைப் போடவில்லை. திரையைப் பார்த்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு அவர் மெஷினின் கடிகாரத்தைத் தொட்டதே இல்லை. சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினார். சோதிக்கப்படும் புரோகிராம் இன்று என்ன தேதி என்று கேட்டால், இது நடுவில் புகுந்து நாம் விரும்பும் தேதியைச் சொல்லும். அசல் கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடும். சோதனை முடிந்தால் பொய்யும் முடிந்தது, திருப்பி வைக்க ஒன்றுமில்லை. "மறக்காதன்னு மனுசன்கிட்ட சொல்லக் கூடாது. மறந்தாலும் கெட்டுப்போவாத மாதிரி செய்யணும்" என்றார். பின்னாளில் சென்னைக் கம்பெனிகளுக்கு வேலை செய்தபோதும் அதைத்தான் பயன்படுத்தினார்.

அவருடைய எல்லாச் சோதனைகளிலும் முதல் பெயர் மல்லிகாதான். சில வருஷம் கழித்து ஒருநாள் அவர் தேதியை ரொம்ப தூரம் தள்ளிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் மல்லிகா, வயது பதினெட்டு என்று இருந்தது. நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள இதுலதான் வளந்துக்கினு கீது" என்றார். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேனே என்று அன்று கேட்டேன். இப்போது எதற்கு என்று தலையசைத்துவிட்டு அடுத்த தேதியைத் தட்டினார். மறுபடி கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கடிகாரத்தைத் திருப்பாமல் எழுந்து ஓடியவள் நான். தேவசகாயம் அல்ல. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன், ஞாயிற்றுக்கிழமை திருப்புலிவனம் போய் அந்த அப்பாவிடம் நேரில் சொல்லப்போகிறேன்.

அண்ணனுடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் கடையில் மிஞ்சியது அந்த மார்ச் தாள் ஒன்றுதான். பின்பக்கம் என் கையெழுத்தில் மளிகைச் சாமான் பட்டியல். முன்பக்கத்தின் அடியில் 'ஊர் மாறியவர்கள்' என்று போட்டுப் பதினோரு பெயர்கள். மல்லிகா நாலாவது. அன்று நான் தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் சிரித்தேன்.