பல் வைத்தியரின் லூச்சோ

நகரத்தின் வசதியான பகுதியான லிபெர்த்தாவில் டொட்டோர் ஸ்கார்லாத்தாவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே குகனேஸ்வரிக்கு அந்த மனிதரைக் கண்ணில் காட்டக்கூடாது என்றாகிவிட்டது. ஓய்வுபெற்ற பல் வைத்தியர், எல்லோருக்கும் டொட்டோரே. எதைப் பற்றிக் கேட்டாலும் அரை மணித்தியாலம் விளக்கம் சொல்லுவார். ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. குகனேஸ்வரி சாவகச்சேரியில் பதினொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். எழுத்துச் சோதனையில் முதலாம் பிள்ளையாக வந்து, ஆய்வுகூடத்துக்குள் கால் வைத்ததும் கண்ணாடிக் குழாயை உடைக்கிற பொடியன்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். டொட்டோரேயை அந்த வாங்கில்தான் அவள் இருத்தி வைத்திருந்தாள்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு தைமாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்து போனது. இனித் தனியாக மீன் பிடிக்கப் போகக்கூடாது என்று அவருடைய மனைவி, சின்யோரா, சொல்லிவிட்டார். மகன் மிலானில். ஆகவே குகனேஸ்வரி துணைக்குப் போகவேண்டியதாயிற்று. செவ்வாய்க்கிழமைகளில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, மலைக்கு அப்பாலிருந்த நீர்த்தேக்கத்தின் கரையில், மாத்திரைப் போத்தலும் கோப்பிப் பிளாஸ்க்குமாக மடக்குக் கதிரையில் குந்தியிருப்பதுதான் வேலை.

அவர் தேடிப்போனது லூச்சோ என்ற மீனை. சீலா மீனைக் கொண்டுவந்து குளத்தில் விட்டதுபோல் நீண்ட உடம்பு, வாத்தின் அலகு போலத் தட்டையான வாய், வாய் நிறையப் பல். போகிற வழியெல்லாம் பாடம் நடக்கும். குளிர் விடத் தொடங்குகிற நாட்களில் பெரிய பெட்டை மீன்கள் முட்டையிடக் கரையோரப் புல்லுக்குள் வந்துவிடுமாம். தண்ணீர் இன்னும் சில்லென்று இருப்பதால் எதையும் துரத்தாதாம். தகரத்தில் செய்த பொய் மீனைப் புல்லோரம் போட்டு, நோயாளி நடப்பதுபோல மெல்ல இழுத்து, இடையிடையே நிறுத்தவேண்டுமாம். கரையில் சத்தமே கூடாதாம்.

கரைக்கு வந்ததும் அவர் காரின் கதவை அடித்துச் சாத்துவார். முழங்கால் வரையான சப்பாத்தோடு தண்ணீருக்குள் தொம் தொம்மென்று இறங்குவார். பாட்டுப் பாடுவார். புல்லோரத்தை விட்டுவிட்டு நடுத்தண்ணீருக்கு எறிந்து, தையல் மெசின் மாதிரித் தூண்டில் நரம்பைச் சுற்றுவார். பன்னிரண்டு பை வைத்த மேற்சட்டை வேறு.

"பாடம் நூற்றுக்கு நூறு, பிறக்ரிக்கல் பூச்சியம்," என்றாள், வீட்டுக்கு வந்து புருஷன் இராஜதுரையிடம். "தான் சொல்லுறது தன்ரை காதிலையே விழாத மனுசன்."

இராஜதுரை போர்கோ வெக்கியோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிற்பவர். "குந்தியிருக்கிறதுக்கும் சம்பளம் தாறான்தானே. பேசாமல் இரும்," என்றார். அவரையும் அவள் மேலும் கீழும் ஒருதரம் பார்த்தாள்.

இரண்டு வசந்தம் போயிற்று. ஒரு குஞ்சு கூட அகப்படவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், சிநேகிதர்கள் நான்கு பேருக்கு முன்னால், பத்துக் கிலோ லூச்சோ ஒன்று நரம்பை அறுத்துக்கொண்டு போனதாக டொட்டோரே சொன்னார். குசினியிலிருந்து அவளைக் கூப்பிட்டு, எவ்வளவு பெரிசென்று காட்டச் சொன்னார். அவள் ஈரக் கையை அகல விரித்துக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். பொய் சொன்னவரையும், நம்பியதுபோல நடித்த நான்கு கிழடுகளையும் மனசுக்குள் திட்டிக்கொண்டு கோப்பை கழுவியவள், கையை விரித்த தன்னையும் அன்றைக்கு விடவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு பங்குனியில்தான் அது நடந்தது. காற்றடித்த ஒரு காலை. டொட்டோரே எறிந்த நரம்பு சிக்கி, தகர மீன் அவருடைய காலடிக்குப் பக்கத்திலேயே, புல்லுக்குள் விழுந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டு சிக்கெடுத்தார். சிக்கெடுக்க எடுக்கப் பொய் மீன் அசைந்தது, நின்றது, அசைந்தது. மூன்று வருடத்தில் முதல்தரமாக அது சரியாகப் போனது, அவர் கவனிக்காதபடியால். தூண்டில் தடி வளைந்தது.

அவர் பதறிப் பின்வாங்கப் பார்த்தார். ஒரு கால் சேற்றில் புதைந்துவிட்டது. முகம் வெளிறிப்போய்த் தடியை அவளிடம் நீட்டினார். அவள் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தாள். நெஞ்சில்லை, சேறுதான் என்று தெரிந்த பிறகு தடியை வாங்கினாள்.

கேட்டுக் கேட்டுப் புளித்த பாடத்தை அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். ஓடினால் விட்டாள். நின்றால் சுற்றினாள். வாய் திறக்கவில்லை. கால் மணித்தியாலத்தில் அது கரைக்கு வந்தது. ஒரு மீற்றருக்கு மேல், பச்சை உடம்பில் மஞ்சள் புள்ளி, சினையால் ஊதிய வயிறு.

டொட்டோரே சப்பாத்தைச் சேற்றிலேயே விட்டுவிட்டு, ஒரு காலில் காலுறையோடு ஏறி வந்தார். பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்து மண்டியிட்டார். அந்தப் பல் காட்டுக்குள் அவர் கை போனது. நடுக்கமில்லை, அவசரமில்லை. மூன்று கொளுக்கி, பத்து செக்கன், ஒரு துளி இரத்தமில்லை. குகனேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பத்து செக்கனுக்கு அவரைப் பற்றிச் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சினை மீனைக் கொல்லக்கூடாது, படம் எடுத்துவிட்டு விடுவோம் என்றார். தலையும் வாலும் முழுசாக விழவேண்டும் என்று கமராவை நீட்டினார். அவள் எடுத்தாள். மீன் போய்விட்டது.

அடுத்த கிழமைச் சாப்பாட்டில் கதை வேறாக இருந்தது. தனியாளாக நின்று, நாற்பது நிமிடம் போராடிக் கரை சேர்த்தாராம். பிறகு வழக்கம்போலக் கூப்பிட்டார். "ஏஸ்வரி, நீ கண்டாய்தானே. இவைக்குச் சொல்லு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "எனக்குத் தெரியாது, டொட்டோரே. நான் காருக்குள்ளை நித்திரை."

அவர் அவசரமாகப் படத்தை எடுத்துப் போட்டார். மீன் தலையிலிருந்து வால் வரை முழுசாக விழுந்திருந்தது. பிடித்திருந்தவருக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. பன்னிரண்டு பையும் ஒரு காலுறையும் தெரிந்தன. சிநேகிதர்களில் வழக்கறிஞராக இருந்த அப்புக்காத்து படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மேற்சட்டை எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

டொட்டோரே அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வசந்தத்தில் சின்யோரா கட்டடத்துப் படிகளைத் துடைக்கிற மொரிசியஸ்காரன் குமாரெனை அவரோடு அனுப்பினார். குகனேஸ்வரி இஸ்திரிப் பெட்டிக்குத் திரும்பினாள். முதல் செவ்வாய் மாலை குமாரென் படியில் அவளை மறித்து, பெரிய லூச்சோவை இழுத்தது நீங்களாமே, டொட்டோரேயின் பாடத்தை ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தானாம், அவர் வழியெல்லாம் அதைத்தான் கதைத்தார் என்றான்.

அவள் வீட்டுக்குப் போய் இராஜதுரையிடம் அதைச் சொன்னாள்.

"பரவாயில்லையே. நல்ல மனுசன்தான்," என்றார் அவர்.

"என்ன நல்ல மனுசன்? உண்மையைப் படி துடைக்கிறவனுக்குச் சொல்லுறார். பொய்யை அப்புக்காத்துமாருக்கு வைச்சிருக்கிறார்," என்றாள் குகனேஸ்வரி. பிறகு அடுப்பைப் பற்றவைத்து, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.